இணைய முத்திரைகளின் வரலாறு: 2011இல் மலேசியா கற்ற பாடம்



நம் தமிழ்ப்பள்ளிகளின் அலுவல்களில் பெரும்பகுதி இன்று இணையத்தின் வழியே நடைபெறுகிறது. மாணவர் பதிவு, தேர்ச்சிக் குறிப்பு, உதவித்தொகை விண்ணப்பம், கட்டணம் என எதை எடுத்தாலும் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து விவரங்களைத் தட்டச்சு செய்ய வேண்டியுள்ளது. பிள்ளையின் பிறப்புப் பத்திர எண், பெற்றோரின் அடையாள அட்டை எண், குடும்ப வருமானம், வீட்டு முகவரி ஆகிய அனைத்தும் அப்பக்கங்களின் வழியே எங்கோ இருக்கும் ஒரு கணினியைச் சென்றடைகின்றன. "இது பாதுகாப்பானதுதானா, ஐயா?" என்று பெற்றோர் ஒருவர் கேட்டால், "பாதுகாப்பான இணைப்பு என்று காட்டுகிறதே" என்பதே நம்மில் பலர் தரும் விடையாகும்.

அந்த விடை எவ்வளவு தூரம் சரி என்பதை அறிய, இணைய முத்திரைகளின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நல்லது. இவ்வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் நம் மலேசியாவிலேயே 2011ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. உலகின் பெரிய உலாவி நிறுவனங்கள் அனைத்தும் கவனித்த அந்நிகழ்ச்சியை நம் சமூகத்தில் அறிந்தோர் மிகக் குறைவு.

பினாங்குத் தெருவின் உண்டியல்

முத்திரை, சான்று, நம்பிக்கை ஆகியவை நமக்குப் புதியன அல்ல. ஜோர்ஜ் டவுனில், இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் பகுதியின் குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலை நாம் அனைவரும் அறிவோம். அக்கோயிலுக்கு அருகிலுள்ள பினாங்குத் தெருவில், 19ஆம் நூற்றாண்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் கிட்டங்கிகளை அமைத்துப் பணத்தொழில் நடத்தினர். ஒரே கூடத்தில் பல வணிகர்கள் பெட்டகமும் கணக்கேடும் வைத்து அமர்ந்திருந்த அக்கிட்டங்கிகளே அக்காலத்து வங்கிகள்.

அவர்கள் கையாண்ட கருவிகளுள் ஒன்று உண்டியல். ஓர் ஊரில் பணத்தைக் கட்டியவர், ஒரு தாளைப் பெற்றுக்கொண்டு கடல் கடந்து செல்வார். வேறோர் ஊரிலுள்ள கடையில் அத்தாளைக் காட்டினால் உரிய தொகை கிடைக்கும். அத்தாளுக்கென்று தனி மதிப்பு ஏதுமில்லை. அதில் எழுதியவரின் கையெழுத்தும், அவர் கடையின் விலாசமும்தான் மதிப்பைத் தந்தன. நகரத்தார் வழக்கில் விலாசம் என்பது வீட்டு முகவரி அன்று. குடும்பத்தின் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து ஆக்கிய வணிக அடையாளம் அது. அந்த விலாசத்தைக் கண்டதும், "இவர் எழுதினால் பணம் கொடுக்கலாம்" என்று மறுகரையில் இருப்பவர் துணிவார்.

இந்த ஏற்பாட்டின் வலிமையும் ஆபத்தும் ஒன்றே. உண்டியலைக் கொண்டு வருபவரைப் பணம் கொடுப்பவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. எழுதியவரை அறிந்திருந்தால் போதும். ஆகவே, எழுதுபவர் கவனக்குறைவாக எழுதினால், அதன் பாதிப்பு அவரோடு நிற்காது. அவர் எழுத்தை நம்பிய ஒவ்வொரு கடையையும் அது தாக்கும்.

கணினி உலகின் சான்றிதழ்

இணையத்தில் நாம் ஒரு வங்கியின் பக்கத்தைத் திறக்கும்போது, மறுமுனையில் இருப்பது உண்மையிலேயே அவ்வங்கியின் கணினிதானா என்பதை நம் கண்ணால் அறிய முடியாது. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நிறுவனம் இதற்கொரு வழி வகுத்தது. எஸ்.எஸ்.எல். எனப்பட்ட அந்த முறையின்படி, பக்கங்களை வழங்கும் கணினி தன் அடையாளத்தைக் கூறும் ஒரு மின்சான்றிதழை முதலில் காட்ட வேண்டும். அச்சான்றிதழில் சான்றாளர் நிறுவனம் ஒன்றின் மின்கையொப்பம் இருக்கும். எந்தெந்தச் சான்றாளர்களை நம்பலாம் என்ற பட்டியலை நம் உலாவியே வைத்திருக்கிறது.

பட்டியலில் உள்ளவர்கள் மூலச் சான்றாளர்கள். அவர்கள் தம் சார்பில் வேறு நிறுவனங்களுக்கும் கையொப்பமிடும் அதிகாரத்தை அளிக்கலாம். அந்நிறுவனங்கள் இடைநிலைச் சான்றாளர்கள் எனப்படும். முதலாளியின் விலாசத்தைத் தாங்கி மற்றோர் ஊரில் கடை நடத்தும் முகவரைப் போன்றவர்கள் இவர்கள். முகவரின் கையொப்பத்திற்கும் முதலாளியின் கையொப்பத்திற்கும் உலகம் ஒரே மதிப்பைத் தருகிறது.

இக்கையொப்பங்களுக்கு அடிப்படை, நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே பயிலும் பகா எண்களாகும். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்னும் மூவர் வகுத்த ஆர்.எஸ்.ஏ. முறை ஓர் எளிய உண்மையின் மீது நிற்கிறது. 89ஐயும் 97ஐயும் பெருக்கினால் 8,633 வரும் என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒரு நிமிடத்தில் கண்டுவிடுவான். 8,633 என்ற எண்ணைக் கொடுத்து, எந்த இரு பகா எண்களின் பெருக்கற்பலன் இது என்று கேட்டால், நெடுநேரம் வகுத்துப் பார்க்க நேரிடும். எண் பெரிதாகப் பெரிதாகப் பெருக்குவது எளிதாகவே இருக்க, காரணிகளைக் காண்பது மட்டும் மலைபோல் கடினமாகிறது. பெருக்கற்பலனை ஊரறியக் காட்டலாம். அதுவே பொதுச்சாவி. அதன் காரணிகளை அறிந்தவரிடமே இரகசியச் சாவி இருக்கும். அச்சாவியைக் கொண்டே கையொப்பம் இடப்படுகிறது.

அப்படியாயின், எவ்வளவு பெரிய எண் போதுமானது? 512 பிட் நீளமுள்ள எண், பதின்ம முறையில் எழுதினால் 155 இலக்கங்கள் கொண்டது. 1999 ஆகஸ்டில், பல நாட்டு ஆய்வாளர்கள் இணைந்து, நூற்றுக்கணக்கான கணினிகளைச் சில மாதங்கள் இயக்கி, அத்தகைய எண் ஒன்றின் காரணிகளைக் கண்டறிந்து வெளியிட்டனர். 512 பிட் சாவி இனி உதவாது என்பது அன்றே உலகறிந்த செய்தியாயிற்று. இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வாடகைக் கணினிகளைக் கொண்டு அதே வேலையை நான்கு மணி நேரத்திற்குள், ஏறத்தாழ 75 அமெரிக்க டாலர் செலவில் முடிக்கலாம் என்று காட்டியது.

மலேசியா முன்னோடியாக நின்ற காலம்

இத்துறையில் மலேசியா பின்தங்கிய நாடாக இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மின்கையொப்பத்திற்குச் சட்ட மதிப்பை அளிக்கும் மின்கையொப்பச் சட்டம் இங்கு 1997இல் இயற்றப்பட்டு, 1998 அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. உரிமம் பெற்ற நிறுவனங்களே சான்றாளர்களாக இயங்கலாம் என்று அச்சட்டம் வகுத்தது. அஞ்சல் நிறுவனமான போஸ் மலேசியாவும், ஆய்வு நிறுவனமான மிமோசும் இணைந்து உருவாக்கிய டிஜிசெர்ட் சென்டிரியான் பெர்ஹாட் அவ்வாறு உரிமம் பெற்ற சான்றாளர் நிறுவனங்களுள் ஒன்று. கணினிப் பாதுகாப்பு அவசரங்களைக் கவனிக்கும் மைசெர்ட் அமைப்பும் 1997லேயே தொடங்கப்பட்டது. சட்டமும் இருந்தது, நிறுவனமும் இருந்தது, அறிவுடையோரும் இருந்தனர்.

திருத்தம் வந்த பின்பும் வந்த புழு

சான்றிதழ் கடிதத்தின் முத்திரையைப் போன்றது என்றால், இணைய வழங்கி மென்பொருள் அஞ்சல் நிலையத்தைப் போன்றது. முத்திரை சரியாக இருந்தும் அஞ்சல் நிலையத்தின் பின்கதவு திறந்திருந்தால் பயனில்லை. 2001ஆம் ஆண்டு அதை உலகிற்கு உணர்த்தியது.

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஐ.ஐ.எஸ். என்னும் வழங்கி மென்பொருளில் ஓர் ஓட்டை இருப்பது அவ்வாண்டு கண்டறியப்பட்டது. ஒரு படி கொள்ளும் பாத்திரத்தில் மூன்று படி நீரை ஊற்றினால் மிகுதி நீர் அக்கம்பக்கத்தில் வழியும் அல்லவா? அதுபோல, அளவுக்கு மீறிய நீளத்தில் ஒரு கோரிக்கையை அனுப்பினால், மிகுதிப் பகுதி கணினியின் நினைவகத்தில் வேறிடத்தில் வழிந்து, கட்டளையாகவே செயற்படத் தொடங்கும். இதற்கான திருத்தத்தை அந்நிறுவனம் 2001 ஜூன் 18ஆம் நாள் வெளியிட்டது. ஜூலை 13ஆம் நாள், அதாவது 25 நாள்கள் கழித்து, அதே ஓட்டையின் வழியே 'கோட் ரெட்' என்னும் புழு நுழைந்தது. அதன் வலுவான இரண்டாம் வடிவம் ஜூலை 19ஆம் நாள் 14 மணி நேரத்திற்குள் 3,59,000க்கும் மேற்பட்ட கணினிகளைப் பற்றிக்கொண்டது.

அக்கணினிகளில் ஒன்றுகூட மருந்தில்லாத நோயால் விழவில்லை. மருந்து மேசைமேல் இருந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் பரவிய 'நிம்டா' புழு பயன்படுத்திய வழிகளுள் ஒன்றுக்கு 2000 அக்டோபரிலேயே திருத்தம் வெளிவந்திருந்தது. ஏறத்தாழ பதினோரு மாதங்கள் கழிந்தும் எண்ணற்ற வழங்கிகள் திருத்தப்படாமலே இருந்தன.

2011: முத்திரைகள் சரிந்த ஆண்டு

பத்தாண்டுகள் கழித்து, சான்றாளர்களின் முறை வந்தது. நெதர்லாந்தின் டிஜிநோட்டர் என்னும் சான்றாளர் நிறுவனத்தின் கணினிகளுக்குள் 2011இல் ஊடுருவிகள் புகுந்தனர். 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் அங்கிருந்தே வெளியாயின. கூகிள் பெயரிலான போலிச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டு ஈரான் நாட்டு மக்களின் அஞ்சல்கள் உளவு பார்க்கப்பட்டன. பாதிக்கப்பட்ட இணைய முகவரிகள் ஏறத்தாழ மூன்று இலட்சம். ஆய்வு செய்த ஃபாக்ஸ்-ஐடி நிறுவனம் செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் நம் கண்ணில் பட வேண்டிய ஒரு செய்தி உண்டு. அந்தச் சான்றாளரின் பொது வழங்கிகளில் இருந்த மென்பொருள் பழையது, திருத்தங்கள் செய்யப்படாதது. ஊருக்கெல்லாம் முத்திரை குத்தித் தந்தவரின் சொந்தக் கதவே சரியாகச் சாத்தப்படவில்லை. செப்டம்பர் 20ஆம் நாள் அந்நிறுவனம் நொடித்துப்போனதாக அறிவிக்கப்பட்டது.

அந்தப் பரபரப்பு அடங்குமுன் மலேசியாவின் பெயர் அடிபட்டது. ஆசியாவிலுள்ள வேறொரு சான்றாளர் நிறுவனத்திற்குத் தீநிரல் அடங்கிய அஞ்சல் ஒன்று திட்டமிட்டு அனுப்பப்பட்டிருந்தது. அத்தீநிரலில் முறையான மின்கையொப்பம் இருந்தது. கையொப்பத்தின் வழித்தடத்தைப் பின்பற்றிச் சென்றபோது அது மலேசியாவின் டிஜிசெர்ட் சென்டிரியான் பெர்ஹாட் வழங்கிய சான்றிதழ்களில் வந்து நின்றது. அந்நிறுவனம் என்ட்ரஸ்ட், ஜிடிஇ சைபர்டிரஸ்ட் ஆகிய மூலச் சான்றாளர்களின் கீழ் இடைநிலைச் சான்றாளராக இயங்கி வந்தது.

ஆராய்ந்தபோது, அந்நிறுவனம் 512 பிட் சாவிகளைக் கொண்ட 22 சான்றிதழ்களை வழங்கியிருந்தது தெரியவந்தது. அச்சான்றிதழ்களில் மேலும் இரு குறைகள் இருந்தன. இச்சான்றிதழ் எந்தப் பயனுக்கு உரியது என்னும் குறிப்பு அவற்றில் இல்லை. சான்றிதழ் திரும்பப் பெறப்பட்டதா என்று எங்கே சரிபார்ப்பது என்னும் குறிப்பும் இல்லை.

இவற்றின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். தலைமையாசிரியர் ஒருவர், "இவரை எனக்குத் தெரியும்" என்று மட்டும் எழுதி, பள்ளி முத்திரையுடன் ஒரு கடிதம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதற்காக என்று அதில் எழுதவில்லை. எங்கே விசாரிப்பது என்றும் எழுதவில்லை. நூலகத்தில் நூல் எடுக்க வாங்கிய அக்கடிதத்தைக் கொண்டு வங்கியில் கடன் கேட்டாலும் தடுக்க வழியில்லை. அவ்வாறே, ஓர் இணையப் பக்கத்தின் அடையாளத்திற்காக வழங்கப்பட்ட சான்றிதழைக் கொண்டு மென்பொருளுக்கும் கையொப்பமிட முடிந்தது.

2011 நவம்பர் 3ஆம் நாள், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா, அந்த இடைநிலைச் சான்றாளர் மீதான நம்பிக்கையை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. நவம்பர் 10ஆம் நாள் மைக்ரோசாஃப்ட்டும் அதையே செய்தது. சான்றிதழ்கள் மோசடியாக வழங்கப்பட்டதற்கு அறிகுறி இல்லை என்றும், சாவிகளின் வலுவின்மையால் சில சான்றிதழ்கள் நகலெடுக்கப்பட்டுத் தவறாகப் பயன்படுத்தப்பட்டன என்றும் மைக்ரோசாஃப்ட்டின் அறிவிப்பு கூறியது. எவரும் கையூட்டுப் பெறவில்லை. எவரும் கதவை உடைக்கவும் இல்லை. அறிந்த விதி பின்பற்றப்படவில்லை, அவ்வளவே. அதற்குக் கிடைத்த தண்டனையோ, உலகின் உலாவிகள் அனைத்தும் அம்முத்திரையை ஒதுக்கியதாகும். அதே பெயர் கொண்ட அமெரிக்க நிறுவனம் ஒன்று, தனக்கும் மலேசிய நிறுவனத்திற்கும் தொடர்பில்லை என்று விளக்கமளிக்க வேண்டிய நிலையும் ஏற்பட்டது.

சில நாள்களில், அதாவது நவம்பர் 14ஆம் நாள், பின்லாந்தின் எஃப்-செக்யூர் நிறுவனம் மற்றொரு செய்தியை வெளியிட்டது. பி.டி.எஃப். கோப்புகளின் வழியே பரவிய ஒரு தீநிரலில், மலேசிய வேளாண் ஆய்வு மேம்பாட்டுக் கழகமான மார்டியின் இணையப் பக்கத்திற்குரிய சான்றிதழால் கையொப்பமிடப்பட்டிருந்தது. நெல்லையும் பழவகைகளையும் ஆராயும் ஓர் அரசாங்கக் கழகத்தின் பெயர், அது அறியாமலே தீநிரலின் நெற்றியில் பொறிக்கப்பட்டிருந்தது. அச்சான்றிதழின் காலம் 2011 செப்டம்பர் 29ஆம் நாள் முடிந்திருந்தது. சாவி சில காலத்திற்கு முன்பு திருடப்பட்டது என்று மலேசிய அதிகாரிகள் தெரிவித்ததாக எஃப்-செக்யூர் எழுதியது. ஃபாக்ஸ்-ஐடி ஆய்வாளர்கள் வேறு கருத்தை முன்வைத்தனர். இவ்வாறு தவறாகப் பயன்படுத்தப்பட்ட சான்றிதழ்கள் அனைத்தும் 512 பிட் நீளமுடையவை. எவரும் காணும்படி இணையத்தில் இருந்தவை. ஆகவே, சாவியைத் திருட வேண்டிய தேவையே இல்லை. காரணிகளைக் கணக்கிட்டே கண்டிருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

1999க்கும் 2011க்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். ஒரு குழந்தை பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிக்கும் காலம் அது. அத்தனை காலமாக அறியப்பட்டிருந்த ஒரு பலவீனம், முத்திரை குத்தும் மேசையில் கவனிக்கப்படாமல் இருந்தது.

அதன் பின்னர் நிகழ்ந்தவை

1,024 பிட்டுக்குக் குறைவான சாவிகளை விண்டோஸ் ஏற்காதவாறு செய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2012 ஆகஸ்டில் வெளியிட்டது. விதியை மனிதர் மறந்தாலும் கணினி மறவாதபடி ஆயிற்று.

2014 ஏப்ரல் 7ஆம் நாள் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' ஓட்டை, சான்றிதழ் முறையின் உட்புறத்தையே தாக்கியது. ஓபன்எஸ்எஸ்எல் என்னும் இலவச மென்பொருள் உலகின் பெரும்பாலான வழங்கிகளில் இயங்குகிறது. மறுமுனை உயிர்ப்புடன் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு சொல்லை அனுப்பித் திருப்பிச் சொல்லக் கேட்பது அதிலுள்ள ஒரு வசதி. மாணவன் ஒருவன், "அம்மா என்று சொல்லுங்கள், இதில் ஐந்நூறு எழுத்துகள் உள்ளன" என்று சொல்ல, ஆசிரியர் எண்ணிப் பாராமல், "அம்மா" என்பதோடு தம் மேசைமேல் இருக்கும் வினாத்தாளையும் சேர்த்து ஐந்நூறு எழுத்துகளை வாசித்துவிட்டால் எப்படி இருக்கும்? வழங்கி அதைத்தான் செய்தது. ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை நினைவகம் வெளியே கசிந்தது. கடவுச்சொற்களும் இரகசியச் சாவிகளும் அதில் இருக்கக்கூடும். இந்தப் பிழை 2012 மார்ச்சிலிருந்தே மென்பொருளில் இருந்தது. செய்தி வெளியான சில நாள்களிலேயே கனடாவின் வருமான வரி அலுவலகத்திலிருந்து ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்புறுதி எண்கள் களவாடப்பட்டன.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. உலக வணிகமே சார்ந்திருந்த அம்மென்பொருளுக்கு அன்று முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. ஆண்டுக்குக் கிடைத்த நன்கொடையும் ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர்தான். ஊரார் அனைவரும் கும்பிடும் கோயிலின் விளக்குக்கு எண்ணெய் ஊற்ற ஒருவருமில்லாத நிலையை இது ஒத்தது.

அதே 2014 ஜூலையில், இந்தியாவின் தேசியத் தகவலியல் மையத்தின் இடைநிலைச் சான்றாளர் பெயரில், கூகிள் முகவரிகளுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளியாகியிருப்பதைக் கூகிள் கண்டறிந்தது. இந்தியச் சான்றாளர் கட்டுப்பாட்டு அலுவலகம் அவ்விடைநிலைச் சான்றுகளை உடனே திரும்பப் பெற்றது.

2017இல் நிகழ்ந்த ஈக்விஃபேக்ஸ் கொள்ளையில் வழங்கியின் பிழையும் சான்றிதழின் பிழையும் ஒன்றாகக் கைகோத்தன. அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டையும் அதற்கான திருத்தமும் மார்ச் 7ஆம் நாள் அறிவிக்கப்பட்டன. திருத்தம் செய்யப்படாத ஒரு வழங்கியில் மே 13ஆம் நாள் திருட்டுத் தொடங்கியது. உள்ளே போய்வரும் தகவலைக் கண்காணிக்க ஒரு கருவி இருந்தது. ஆயினும் அக்கருவிக்குரிய சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்ததால், அது கண்ணிருந்தும் குருடாக இருந்தது. சான்றிதழைப் புதுப்பித்த ஜூலை 29ஆம் நாளே திருட்டு வெளிப்பட்டது. ஏறத்தாழ 14.7 கோடி மக்களின் விவரங்கள் அதற்குள் பறிபோயிருந்தன.

நல்ல மாற்றங்களும் நிகழ்ந்துள்ளன. வழங்கப்படும் ஒவ்வொரு சான்றிதழையும் எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்னும் முறை 2013இல் வகுக்கப்பட்டு, 2018 முதல் குரோம் உலாவியால் கட்டாயமாக்கப்பட்டது. 2015 இறுதியில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு இலவசமாகச் சான்றிதழ் வழங்குகிறது. சான்றிதழின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029க்குள் 47 நாள்களாக்க வேண்டும் என்று சான்றாளர்களும் உலாவி நிறுவனங்களும் 2025 ஏப்ரலில் முடிவு செய்தனர். குறுகிய ஆயுள் கொண்ட சான்றிதழ் களவு போனாலும், திருடனுக்கு அது நீண்டநாள் பயன்படாது.

நம் பள்ளிகளுக்கும் வீடுகளுக்கும்

மேற்கூறிய நிகழ்ச்சிகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படும். கோட் ரெட் 25 நாள்கள். ஈக்விஃபேக்ஸ் 67 நாள்கள். நிம்டா ஏறத்தாழ பதினோரு மாதங்கள். 512 பிட் சாவி பன்னிரண்டு ஆண்டுகள். மருந்து தெரிந்த நாளுக்கும் தீமை நிகழ்ந்த நாளுக்கும் இடையே இருந்த காலம் இது. ஹார்ட்பிளீட் போன்ற சில பிழைகளை முன்கூட்டியே அறிவது கடினம். எனினும் பெருந்தீங்குகள் பல, அறியாமையால் விளையாமல், அறிந்ததைச் செய்யாமையால் விளைந்தன.

சிலப்பதிகாரத்தை வகுப்பில் நடத்தும்போது நாம் இதைத்தான் மாணவர்க்குச் சொல்கிறோம். சிலம்பை உடைத்தால் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று தெரிந்துவிடும். சோதிக்கும் வழி பாண்டியன் அவையில் முன்பே இருந்தது. பொற்கொல்லன் சொல்லை முத்திரையாக ஏற்றுக்கொண்டதால், கோவலன் உயிர் போன பிறகே அந்தச் சோதனை நடந்தது.

பள்ளிக்கோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்கோ சொந்தமாக இணையப் பக்கம் இருந்தால், பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்.

1. பக்கத்தைப் பராமரிப்பவர் யார் என்பது பெயர் குறித்து முடிவாகியிருக்க வேண்டும். அமைத்துக் கொடுத்தவர் மாற்றலாகிப் போனால், பொறுப்பு மற்றொருவரிடம் எழுத்து மூலமாக ஒப்படைக்கப்பட வேண்டும்.

2. வழங்கி மென்பொருளும் அதனோடு சேர்ந்த கூறுகளும் எந்தத் தேதியில் கடைசியாகத் திருத்தப்பட்டன என்று தவணைதோறும் கேட்க வேண்டும். விடை தெரியாவிட்டால், அதுவே ஒரு விடை.

3. சான்றிதழ் முடியும் நாளைப் பள்ளி நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு செய்தால் இன்னும் நன்று.

4. தேவையற்ற விவரங்களைச் சேகரிக்கலாகாது. பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பதிவு செய்யும் படிவத்தில் பெற்றோரின் வருமானம் எதற்கு? இல்லாத பொருளைத் திருட முடியாது.

5. பயன்பாட்டில் இல்லாத பழைய பக்கங்களை மூடிவிட வேண்டும். ஆளில்லாத வீட்டின் கதவையே திருடன் முதலில் தட்டுகிறான்.

பெற்றோர்களுக்கு இரு செய்திகள். சான்றிதழில் கோளாறு என்று உலாவி எச்சரித்தால், "பரவாயில்லை, தொடர்க" என்னும் பொத்தானை அழுத்தாதீர்கள். சற்று நேரம் கழித்து முயலுங்கள். அல்லது அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். அடுத்து, பாதுகாப்பான இணைப்பு என்பதற்கு, வழியில் எவரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதே பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பது அதற்குப் பொருளன்று. ஏமாற்றுப் பக்கங்களும் சான்றிதழ் பெற்றிருக்கலாம். மக்கள் பூட்டுச் சின்னத்தைத் தவறாகப் புரிந்துகொள்வதாலேயே, குரோம் உலாவி 2023இல் அதை முகவரிப் பட்டையிலிருந்து நீக்கியது. ஆகவே முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் ஊட்டுங்கள். எழுத்துப்பிழை கண்டுபிடிப்பதில் நம் மாணவர்கள் வல்லவர்கள். அத்திறமை இங்கும் உதவும்.

ஆசிரியர்கள் பகா எண் பாடத்தின்போது, 8,633இன் காரணிகளைக் காணுமாறு மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சலித்துப்போகும் வேளையில், இந்தச் சலிப்பே உங்கள் பெற்றோரின் பணத்தைக் காக்கிறது என்று சொல்லுங்கள். பின்னர், எண் சிறிதாக இருந்ததால் ஒரு நாட்டின் முத்திரை செல்லாமற்போன கதையையும் சொல்லுங்கள். கணிதம் ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவர்களுக்கு ஒரு விடை கிடைக்கும்.

பினாங்குத் தெருவில் உண்டியல் எழுதிய வணிகர், தம் விலாசத்திற்கு இழுக்கு வந்தால் தம்மோடு தம் ஊரும் தலைகுனியும் என்று அஞ்சினார். பிறர் பிள்ளைகளின் விவரங்களைக் காக்கும் பொறுப்பை ஏற்ற ஒவ்வொருவருக்கும் அந்த அச்சம் தேவை. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், "இணையப் பக்கப் பராமரிப்பு" என்று ஒரு வரியைச் சேர்க்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.